பெயருக்குப் பின்னால் வரும் பாஷா

என்வர் பாஷா, தலத் பாஷா, ஜெமால் பாஷா. முதல் உலகப் போரில் உதுமானியப் பேரரசை நடத்திச் சென்றவர்கள் இவர்கள். வரலாற்று நூல்கள் ‘மூன்று பாஷாக்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், முதன்முறை படிப்பவர் அண்ணன் தம்பிகளோ பங்காளிகளோ என்று நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. மூவருக்கும் ரத்த உறவு கிடையாது. என்வர் இஸ்தான்புல்லில் பிறந்த ராணுவ அதிகாரி. தலத் எதிர்னேயில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து அரசியலுக்கு வந்தவர். ஜெமால் ஏஜியன் கடலின் மிதில்லித் தீவில் பிறந்தவர். பாஷா என்பது அவர்கள் எட்டிய பதவியின் அடையாளம். அப்பாவிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைக்குப் போவதுமல்ல.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பட்டம் நிற்கும் இடம். நம் வழக்கில் மன்னர், டாக்டர், நீதிபதி எல்லாம் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும். துருக்கியில் பாஷா, பே, எஃபெந்தி, ஆகா, ரெயிஸ், ஹானும் ஆகிய எல்லாம் இயற்பெயருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துப் பழகிய ஐரோப்பியக் கண்ணுக்கு ‘மெஹ்மத் பாஷா’ என்றால் பாஷா வீட்டு மெஹ்மத். அந்தக் கண் எழுதிய நூல்களிலிருந்தே நாமும் படிக்கிறோம். ‘சுல்தான்’ மட்டும் இரண்டு பக்கமும் வரும். அரசனுக்கு முன்னால், ‘சுல்தான் சுலைமான்’. அரச குடும்பப் பெண்ணுக்குப் பின்னால், ‘ஹுர்ரெம் சுல்தான்’. 1931இல் ஹைதராபாத் நிஜாமின் மூத்த மகனை மணந்த துர்ருஷெஹ்வார் சுல்தான், கடைசிக் கலீஃபாவின் மகள். அதே சமயம் நிஜாமின் இளைய மகனை மணந்த நிலூஃபருக்கு இருந்த பட்டம் ‘ஹானும்சுல்தான்’. தாய்வழியில் மட்டும் அரச ரத்தம் உள்ள பெண்ணுக்கு உரியது அது. ஹைதராபாத்தில் இருவரையும் இளவரசி என்றுதான் அழைத்தார்கள். இஸ்தான்புல் கணக்கில் இருவருக்கும் ஒரு படி வித்தியாசம் இருந்தது.

பாஷா எங்கிருந்து வந்த சொல் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாரசீகப் ‘பாதிஷா’வின் சுருக்கம் என்பார் ஒரு சாரார். தலை என்று பொருள்படும் துருக்கியச் சொல் ‘பாஷ்’ஷோடு சேர்ப்பார் இன்னொரு சாரார். பேரரசின் தொடக்க காலத்தில் இது கண்டிப்பான பதவிப் பட்டமாகவும் இல்லை. 1333இல் மறைந்த சூஃபிக் கவிஞர் ஆஷிக் பாஷா எந்தப் படைக்கும் தளபதி அல்ல. இரண்டாவது உதுமானிய மன்னர் ஓர்ஹானின் மகன் சுலைமான் பாஷா இளவரசர். 15ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் பாஷா என்றால் வசீர் என்னும் அமைச்சர், மாகாண ஆளுநர் போன்ற மேல்மட்டத்தார் என்ற நிலை இறுகியது.

அந்த மேல்மட்டத்துக்குள்ளும் ஏறுவரிசை உண்டு. அதைக் குதிரை வாலால் அளந்தார்கள். ‘துக்’ என்னும் கொடிக்கம்பத்தில் கட்டித் தொங்கவிட்ட குதிரை வால்களின் எண்ணிக்கைதான் அளவு. சஞ்சக் என்னும் மாவட்டத்தை ஆள்பவருக்கு ஒன்று, மாகாணத்தை ஆளும் பெய்லர்பெய்க்கு இரண்டு, வசீருக்கு மூன்று, தலைமை வசீருக்கு ஐந்து. பழைய நூல்களில் ‘மூன்று வால் பாஷா’ என்று வந்தால் கேலி என்று எண்ணிவிட வேண்டாம், வசீர் பதவி பெற்றவர் என்று பொருள்.

19ஆம் நூற்றாண்டில் படையை ஐரோப்பிய பாணியில் மாற்றியபோது கணக்கு இன்னும் தெளிவானது. மிர்லிவா, ஃபெரிக், முஷிர் ஆகிய ஜெனரல் நிலைகளில் இருப்பவர் பாஷா. அதற்கு அடுத்த கீழ்ப்படியான மிராலாய், அதாவது கர்னல், ‘பே’. அதற்கும் கீழே சின்ன அதிகாரிகளும் எழுத்தர்களும் ‘எஃபெந்தி’. மதக் கல்விப் பிரிவில் வந்தவர்கள் எவ்வளவு உயர்ந்தாலும் எஃபெந்திதான். சுலைமான் காலத்துத் தலைமை முஃப்தி எபுஸ்ஸுஊத் எஃபெந்தி ஒருபோதும் பாஷா ஆகவில்லை. வரலாற்றாசிரியரும் சட்ட அறிஞருமான அஹ்மத் ஜெவ்தெத் 1866இல் மதத்துறையை விட்டு ஆட்சித்துறைக்கு மாறி வசீர் நிலை பெற்றார். அன்று எஃபெந்தி பாஷா ஆனார். ஆள் ஒருவர்தான். 1860இல் அவரைக் குறிக்கும் ஆவணத்தில் ‘ஜெவ்தெத் எஃபெந்தி’ என்றும், 1870இல் ‘ஜெவ்தெத் பாஷா’ என்றும் இருக்கும்.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. ஒரு நிகழ்ச்சியை விவரிக்கும்போது அந்த ஆண்டில் அந்த ஆள் பாஷாவா என்று பார்க்க வேண்டும். 1915 கல்லிப்போலிப் போரில் ‘முஸ்தபா கமால் பாஷா’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அப்போது அவர் லெப்டினன்ட் கர்னல், பிறகு கர்னல். படைவீரர்கள் அழைத்தது ‘முஸ்தபா கமால் பே’ என்று. மிர்லிவாவாக உயர்ந்து பாஷா ஆனது 1916 ஏப்ரலில். என்வரும் அப்படியே. 1913 ஜனவரி 23 அன்று அரசாங்க மாளிகைக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைக் கைப்பற்றியவர் ‘என்வர் பே’. பாஷா ஆனது போர் அமைச்சரான 1914 ஜனவரியில். தலத் கதை இதைவிட வேடிக்கை. உள்துறை அமைச்சராகப் பேரரசையே ஆட்டிவைத்த ஆண்டுகளில் அவர் வெறும் தலத் பே. 1917 பிப்ரவரியில் தலைமை வசீர் ஆனபோதுதான் பட்டம் வந்தது. ஆக, ‘மூன்று பாஷாக்கள் 1913இல் ஆட்சியைப் பிடித்தார்கள்’ என்ற வாக்கியம் கருத்தில் சரி, பெயரில் தவறு. ஆவணத்தின் காலத்தைக் கணிக்க இதையே திருப்பிப் போடலாம். தேதியில்லாத ஒரு கடிதத்தில் ‘தலத் பாஷா’ என்று இருந்தால் அது 1917க்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

கடற்படையிலும் இதே ஏற்றம்தான். ‘ரெயிஸ்’ என்றால் கப்பல் தலைவர். 1513இல் உலகப்படம் வரைந்த பிரி ரெயிஸும், 1554இல் புயலில் சிக்கிக் குஜராத் கரை சேர்ந்த செய்தி அலி ரெயிஸும் ஒரே வீட்டுக்காரர்கள் அல்லர், ஒரே தொழில்காரர்கள். கெமால் ரெயிஸ், பிரி ரெயிஸின் தந்தையின் சகோதரர். அங்கே ரத்த உறவு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் இருவர் பெயரிலும் ‘ரெயிஸ்’ இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹிஸிர் ரெயிஸ் என்று கடலில் பேர் வாங்கியவர் சுல்தானின் கடற்படைத் தலைவரானதும் ஹைருத்தீன் பாஷா ஆனார். ஐரோப்பியர் பயந்த பார்பரோஸா அவர்தான்.

அஹ்மத் என்றால் எந்த அஹ்மத்?

கடைசிச் சொல் பதவி என்றால், ஆளை அடையாளம் காட்டுவது எது? முதல் சொல். துருக்கியில் அதற்கு ‘லகப்’ என்று பெயர். தமிழில் அடைமொழி என்றால் பொருந்திவிடும். உதுமானியப் பெயரை முன்னாலிருந்து படித்தால் ஆள் தெரிவார், பின்னாலிருந்து படித்தால் பதவி தெரியும். நடுவில் இருக்கும் இயற்பெயர்தான் மூன்றிலும் உதவாதது. ஏனென்றால் மெஹ்மத், அஹ்மத், அலி, முஸ்தபா, இப்ராஹிம், ஹசன் என்று பத்துப் பன்னிரண்டு பெயர்களே மீண்டும் மீண்டும் வரும்.

அஹ்மத் பாஷாக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1480இல் இத்தாலியின் ஒத்ராந்தோவைப் பிடித்தவர் கெதிக் அஹ்மத் பாஷா. இரண்டே ஆண்டில் சுல்தான் இரண்டாம் பாயெஸித் அவரைக் கொல்ல உத்தரவிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் பூர்சாவைச் சேர்ந்த கவிஞர் அஹ்மத் பாஷா ஒருவர் உண்டு. அடுத்து, ஐந்து முறை தலைமை வசீராக இருந்து 1517இல் இறந்த ஹெர்செக்சாதே அஹ்மத் பாஷா. ‘ஹெர்செக்’ என்பது ஜெர்மன் மொழியில் கோமகனைக் குறிக்கும் ‘ஹெர்சோக்’. ‘சாதே’ என்றால் மகன். அவருடைய தந்தை பால்கனில் கோமகனாக இருந்த கிறிஸ்தவப் பிரபு ஸ்தெபான். அந்தப் பட்டத்தால்தான் அந்நாட்டுக்கே ஹெர்சகோவினா என்று பெயர். ஆக, இவர் பெயரின் முன்னால் அப்பாவின் ஜெர்மானியப் பட்டம், பின்னால் தன்னுடைய துருக்கியப் பட்டம், நடுவில் மதம் மாறிய பின் வைத்த அரபுப் பெயர். ஒரு வாழ்க்கை வரலாற்றையே மூன்று சொல்லில் அடக்கிய பெயர் இது.

1523இல் தலைமை வசீர் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்து, அது சுலைமானின் நண்பர் இப்ராஹிமுக்குப் போனதால் மனம் கசந்து, எகிப்து ஆளுநராகப் போன இடத்தில் தன்னையே சுல்தானாக அறிவித்தவர் இன்னொரு அஹ்மத் பாஷா. 1524இல் அவர் தலை உருண்டது. வரலாற்றில் அவர் பெயர் ‘ஹாயின் அஹ்மத் பாஷா’, துரோகி அஹ்மத். தானே வைத்துக்கொள்ளும் பெயரா இது? வென்றவர்கள் வைத்தது. 1552இல் தெமெஷ்வார் கோட்டையைப் பிடித்தவர் காரா அஹ்மத் பாஷா, கறுத்த அஹ்மத். 1669இல் கிரீட் தீவின் காந்தியாவைப் பிடித்தவர் கொப்ரூலு ஃபாஸில் அஹ்மத் பாஷா. 1799இல் பாலஸ்தீனக் கரையின் அக்கா கோட்டையில் நெப்போலியனைத் தடுத்து நிறுத்தியவர் ஜெஸ்ஸார் அஹ்மத் பாஷா, கசாப்புக்கார அஹ்மத். பீரங்கிப் படையைச் சீரமைத்த ஹும்பராஜி அஹ்மத் பாஷா பிறப்பால் பிரெஞ்சுப் பிரபு, போன்வால் கோமான். ‘ஹும்பராஜி’ என்றால் வெடிகுண்டு வீசும் படையைச் சேர்ந்தவர்.

‘அஹ்மத் பாஷா படையெடுத்தார்’ என்று மட்டும் ஒரு மொழிபெயர்ப்பில் இருந்தால் ஆண்டையும் இடத்தையும் கொண்டுதான் ஆளைப் பிடிக்க முடியும். தெமெஷ்வார் என்றால் காரா, காந்தியா என்றால் ஃபாஸில், அக்கா என்றால் ஜெஸ்ஸார். ஐரோப்பிய நூல்கள் அடைமொழியை அழகுக்கு வைத்த சொல் என்று எண்ணிக் கழற்றிவிட்டு, இயற்பெயரையும் பட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டதில் ஏற்பட்ட சேதம் இது. தூக்கி எறிந்ததுதான் உண்மையான பெயர்.

இந்தப் பட்டியலில் நான் விட்டுவைத்த ஒருவர் ஹெசார்பாரே அஹ்மத் பாஷா. ‘ஹெசார்’ ஆயிரம், ‘பாரே’ துண்டு. ஆயிரம் துண்டு அஹ்மத். 1648இல் சுல்தான் இப்ராஹிமைக் கவிழ்த்த கலகத்தில் தலைமை வசீரான இவரைக் கொன்று, உடலைக் கூட்டம் துண்டு துண்டாக்கியது. பெயர் அதன் பிறகு வந்தது. உயிரோடிருந்தவரை அவரை யாரும் அப்படி அழைத்திருக்க முடியாது. ஆகவே, அடைமொழியும் காலத்துக்குக் கட்டுப்பட்டதுதான். தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. பாண்டியன் நன்மாறன்கள் இருவரை, ‘சித்திரமாடத்துத் துஞ்சிய’ என்றும் ‘இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய’ என்றும் இறந்த இடத்தை வைத்துத்தானே புறநானூற்றில் பிரிக்கிறோம். வாழும்போது எந்த அரசனும் ‘துஞ்சிய’ என்ற பெயரோடு கொலுவீற்றிருக்கவில்லை.

சாவோடு பெயர் மாறிய இன்னொருவர், அந்த ஹாயின் அஹ்மதின் பதவியைத் தட்டிச் சென்ற இப்ராஹிம் பாஷா. கிரேக்கக் கரையின் பார்காவில் பிறந்ததால் பார்கலி இப்ராஹிம். சுல்தானின் செல்லப்பிள்ளையாக இருந்தவரை ‘மக்பூல்’, விரும்பப்பட்டவர். 1536இல் ஓர் இரவில் அரண்மனையிலேயே கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகு ‘மக்துல்’, கொல்லப்பட்டவர். ஓர் எழுத்து மாறியது.

இயற்பெயர்கள் குறைவு என்பது மட்டுமே இந்த அடைமொழிப் பெருக்கத்துக்குக் காரணம் அல்ல. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளின் பாஷாக்களில் பெரும்பாலோர் ‘தெவ்ஷிர்மே’ முறையில் பால்கன் கிறிஸ்தவக் கிராமங்களிலிருந்து சிறுவயதில் எடுத்துவரப்பட்டு, மதம் மாற்றப்பட்டு, அரண்மனையில் வளர்க்கப்பட்டவர்கள். முஸ்லிம் பெயர்முறைப்படி ‘இன்னாரின் மகன்’ என்று எழுத வேண்டும். கிறிஸ்தவத் தந்தையின் பெயரை எழுத முடியாது. ஆகவே பதிவேடுகளில் ‘பின் அப்துல்லா’, கடவுளின் அடிமையின் மகன், என்று பொதுவாக எழுதிவிட்டார்கள். கட்டடக் கலைஞர் சினானுக்கு ‘பின் அப்துல்மென்னான்’, அதே வகைதான். இங்கே வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. ஒரே வக்ஃபு ஆவணத்தில் சாட்சிக் கையெழுத்திட்ட ஐந்து பேரும் ‘பின் அப்துல்லா’ என்று இருந்தால் ஐந்து சகோதரர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து மதம் மாறியவர்கள் என்று எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் சரி.

தந்தை பெயர் உதவாது, குடும்பப் பெயர் கிடையாது, இயற்பெயர் எல்லோருக்கும் பொது. மீதி இருப்பது ஊர், உடல், தொழில், உறவு. ஊர் என்றால் ‘லி’, ‘லு’ என்ற விகுதி சேரும். சொகொல்லு மெஹ்மத் பாஷா போஸ்னியாவின் சொகொலோவிச்சி ஊர்க்காரர். மெர்சிஃபோன்லு, நெவ்ஷெஹிர்லி, சோர்லுலு எல்லாம் இப்படித்தான். உடல் என்றால் கூச்சநாச்சமே இல்லை. செமிஸ் அலி பாஷா, குண்டு அலி. தபானியாஸ்ஸி மெஹ்மத் பாஷா, தட்டைப்பாத மெஹ்மத். பொய்னுஎக்ரி மெஹ்மத் பாஷா, கோணக்கழுத்து மெஹ்மத். ஒகூஸ் மெஹ்மத் பாஷா, காளைமாட்டு மெஹ்மத். இவர்கள் அனைவரும் பேரரசின் தலைமை வசீர்கள். தொழிலும் செய்கையும் என்றால் குயுஜு முராத் பாஷா, கிணறு வெட்டி முராத். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனதோலியாவின் ஜெலாலிக் கலகக்காரர்களைக் கொன்று குழிகளில் நிரப்பியதால் வந்த பெயர். உறவு என்றால் ‘தாமாத்’, அதாவது சுல்தானின் மருமகன். ‘லாலா’, அதாவது இளவரசனின் ஆசான்.

ஒரே அடைமொழி இருவருக்கு வந்துவிட்டால் அடைமொழிக்கே அடைமொழி போட வேண்டும். காரா முஸ்தபா பாஷா என்று இரண்டு தலைமை வசீர்கள், 17ஆம் நூற்றாண்டிலேயே. 1638 முதல் 1644 வரை இருந்தவர் வில்லாளி என்று பொருள்படும் கெமான்கெஷ் காரா முஸ்தபா. 1683இல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றவர் மெர்சிஃபோன்லு காரா முஸ்தபா. இருவர் முடிவும் ஒரே மாதிரி, சுல்தானின் உத்தரவில் கொலை. அதனால் ‘காரா முஸ்தபா கொல்லப்பட்டார்’ என்பதை வைத்தும் ஆளைப் பிரிக்க முடியாது.

இஸ்தான்புல்லின் பெஷிக்தாஷ் படகுத்துறைக்கு எதிரே சினான் பாஷா மசூதி நிற்கிறது. கட்டியவர் மீமார் சினான். ‘மீமார்’ என்றால் கட்டடக் கலைஞர், அவர் பாஷா அல்லர். கட்டச் சொன்னவர் கடற்படைத் தலைவர் சினான் பாஷா. தலைமை வசீர் ருஸ்தெம் பாஷாவின் தம்பி, 1553இல் இறந்தவர். நகரின் திவான்யொலு தெருவில் கல்லறையும் மத்ரஸாவும் கொண்டிருக்கும் சினான் பாஷா வேறு. அவர் கோஜா சினான் பாஷா, அல்பேனியர், ஐந்து முறை தலைமை வசீர், 1596இல் இறந்தவர். அதே ஆண்டின் இறுதியில் சில வாரங்கள் மட்டும் தலைமை வசீராக இருந்தவர் ஜிகாலாசாதே சினான் பாஷா. அவர் ஜெனோவாவின் சிகாலா குடும்பத்து இத்தாலியர். 1517இல் எகிப்துப் போரில் கெய்ரோவுக்கு வெளியே ரிதானியாவில் விழுந்தவர் ஹாதிம் சினான் பாஷா. ‘ஹாதிம்’ என்றால் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர். பயண நூல்களில் முதல் மசூதியைக் கோஜா சினானுக்கு எழுதிவைப்பதும், கட்டியவரையும் கட்டச் சொன்னவரையும் ஒருவராக்கி ‘மீமார் சினான் பாஷா’ என்று புது ஆளையே படைத்துவிடுவதும் நடக்கிறது.

உண்மையிலேயே குடும்பமாகப் பதவிகளைப் பிடித்து வைத்திருந்தவர்களும் உண்டு. கொப்ரூலு வீட்டார் அவர்களில் முதன்மையானவர்கள். 1656இல் மெஹ்மத் பாஷா தலைமை வசீர் ஆனார். 1661இல் அவர் இறந்ததும் மகன் ஃபாஸில் அஹ்மத். பிறகு அந்த வீட்டில் வளர்ந்து மருமகனான, வியன்னாவில் தோற்ற காரா முஸ்தபா. 1689இல் இன்னொரு மகன் ஃபாஸில் முஸ்தபா. 1697இல் ‘அம்ஜாசாதே’ ஹுசைன், சித்தப்பா மகன் ஹுசைன். இவர்களைக் கோக்கும் நூல் ‘கொப்ரூலு’ என்ற முன்சொல். இன்று வெசிர்கொப்ரு எனப்படும் வட அனதோலிய ஊரிலிருந்து வந்தது. எல்லோரும் பாஷா என்பது தற்செயல்.

1934க்குப் பிறகு

துருக்கிக் குடியரசு 1934 ஜூன் 21 அன்று 2525ஆம் எண் சட்டத்தை இயற்றி, ஒவ்வொரு குடிமகனும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. பேச்சிலும் எழுத்திலும் கையெழுத்திலும் இயற்பெயர் முன்னால், குடும்பப் பெயர் பின்னால். பதவி, குலம், அயல்நாட்டு இனம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களையும் கேலிக்குரிய சொற்களையும் குடும்பப் பெயராக வைக்கத் தடை. ஆக, பாஷாவைக் குடும்பப் பெயராக எழுதிக்கொள்ளும் வழி முதலிலேயே அடைபட்டது. நவம்பர் 26 அன்று வந்த 2590ஆம் எண் சட்டம் பாஷா, பே, எஃபெந்தி, ஆகா, ஹாஜி, ஹோஜா, ஹானும் முதலிய பட்டங்களையே நீக்கியது. தரைப்படையில் முஷிர் ‘மரெஷால்’ ஆனார், மற்றப் பாஷாக்கள் ‘ஜெனரல்’ ஆனார்கள், கடற்படையில் ‘அமிரால்’. அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 24 அன்று, தனிச் சட்டம் போட்டு முஸ்தபா கமாலுக்கு அத்தாதுர்க் என்ற பெயரை நாடாளுமன்றம் வழங்கியது. அதை வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியாது. கூடப் பிறந்த தங்கை மக்பூலேகூட அத்தாதான் என்ற பெயரோடுதான் இருந்தார்.

பட்டமும் குடும்பமும் எப்படி ஒன்றையொன்று தொடாமல் போகும் என்பதற்கு என்வரின் வீட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. என்வர் பாஷா 1922இல் மத்திய ஆசியாவில் செஞ்சேனையோடு மோதி இறந்தார். அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அவருடைய தம்பி நூரி பாஷா 1918இல் பாகூவுக்குப் படை நடத்தியவர். 1934க்குப் பிறகு அவர் நூரி கில்லிகில். ஆயுதத் தொழிற்சாலை வைத்து, 1949இல் அங்கே நடந்த வெடிவிபத்தில் இறந்தார். சித்தப்பா ஹலீல் பாஷா வயதில் என்வரைவிட இளையவர். 1916 ஏப்ரல் 29 அன்று மெசப்பொத்தேமியாவின் கூத் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஆறாவது பூனா டிவிஷனைச் சரணடைய வைத்தவர். அந்த வெற்றியின் நினைவாக அவர் எடுத்துக்கொண்ட பெயர் ‘கூத்’. ஒரே வீட்டின் மூன்று பாஷாக்கள், சட்டத்துக்குப் பின் கூத், கில்லிகில், பெயரில்லாதவர். சம்பந்தமே இல்லாத தலத்தோடும் ஜெமாலோடும்தான் என்வரின் பெயர் இன்றும் ஒத்துப்போகிறது.

போர்க்களத்தைப் பெயராக்கிக்கொண்டவர் ஹலீல் மட்டுமல்ல. இஸ்மெத் பாஷாவுக்கு 1921 போர்களின் இனொனு. ஃபெவ்ஸி பாஷா சக்மாக் ஆனார், அலி ஃபுவாத் பாஷா ஜெபெசொய் ஆனார். ‘சாதே’ விகுதியையும் விதிமுறைகள் அனுமதிக்கவில்லை. அதனால் கொப்ரூலுசாதே ஃபுவாத் என்று எழுதிவந்த வரலாற்றறிஞர் ஃபுவாத் கொப்ரூலு ஆனார். பழைய தலைமை வசீர்களின் வழிவந்தவராகத் தன்னைச் சொல்லிக்கொண்ட அவர், 1950களில் நாட்டின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார்.

பட்டம் உண்மையிலேயே குடும்பப் பெயராகிப்போன இடங்கள் பேரரசின் ஓரங்களில்தான். துருக்கிச் சட்டம் எட்டாத இடங்கள் அவை. அல்பேனியாவை நாற்பது ஆண்டுகள் ஆண்ட என்வர் ஹோஜாவின் பெயரில் இருப்பது மதகுருவைக் குறிக்கும் ‘ஹோஜா’. போஸ்னியாவின் முதல் அதிபர் அலியா இசெத்பெகோவிச்: இசெத் பே வழி வந்தவர். அங்கே பே ‘பெக்’ ஆகும், ‘ஓவிச்’ ஸ்லாவ் விகுதி. அகிச் ஆகாவிலிருந்தும், ஸ்பாஹிச் சிபாஹியிலிருந்தும், ஹோஜிச் ஹோஜாவிலிருந்தும் வந்தவை. ஆசர்பைஜானில் ரஷ்ய விகுதி சேர்ந்து பஷாயெவ். பட்டத்தோடு ‘மகன்’ விகுதி ஒட்டியிருந்தால் அது குடும்பப் பெயர், வெறும் பட்டமாக நின்றால் பதவி என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஹோஜா அந்தக் கணக்குக்கு அடங்காது.

எகிப்து தனிக் கதை. அரபியில் ‘ப’ ஒலியின் வல்லினம் இல்லாததால் அங்கே பாஷா ‘b’ ஒலியோடு வரும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், நமக்குத் தொல்லையில்லை. 1952 புரட்சிக்குப் பின் பட்டங்களை ஒழித்தார்கள். ஆனாலும் கெய்ரோத் தெருவில் போலீஸ்காரரை ‘யா பாஷா’ என்று அழைப்பது இன்றும் நிற்கவில்லை. அங்கே வெளிநாட்டார் பலரும் பாஷா ஆனார்கள், அவர்களுடைய பெயரில் விதி தலைகீழாகும். கார்டன் பாஷா என்றாலும், ஜோர்டானில் படை நடத்திய கிளப் பாஷா என்றாலும் முன்னால் நிற்பது ஐரோப்பியக் குடும்பப் பெயர். முஸ்லிம் பெயருக்கு மாறியவர் என்றால் அந்த இயற்பெயரோடு சேரும். எமின் பாஷா பிறந்தபோது எதுவார்த் ஷ்னிட்சர், ஜெர்மன் மருத்துவர். எகிப்தின் முதல் பிரதமர் நூபார் பாஷாவுக்கு நூபார் இயற்பெயர். அவர் மகன் போகோஸ் நூபார் பாஷாவுக்கு அதுவே குடும்பப் பெயர். இரண்டு தலைமுறையில் ஒரே சொல் இடம் மாறிவிட்டது.

தமிழ்நாட்டிலும் பாஷா என்று முடியும் பெயர்கள் உண்டு. ஆனால் அது இயற்பெயரின் பகுதி, பதவி அல்ல. திராவிட இயக்க மேடைகளில் முஸ்தபா கமாலைக் குறித்து ஒலித்த ‘கமால் பாட்சா’வில் இருப்பதுதான் பதவி.

நூற்பட்டியலும் அகரவரிசையும் தயாரிப்பவர்கள் இதையெல்லாம் கைவேலையாகவே செய்ய வேண்டியிருக்கிறது. மேற்கோள் மென்பொருளுக்குக் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். ‘பாஷா, அ.’ என்று அச்சடித்து, இருநூறு ஆண்டு இடைவெளியுள்ள நால்வரை ஒரே ஆளாக்கி அடுக்கிவிடும். பெயர் முழுவதையும் ஒரே சொல்லாகப் பூட்டிவிட்டு, கெதிக் அஹ்மத் பாஷாவைக் ககர வரிசையிலும், அடைமொழி இல்லாதவரை இயற்பெயரின் வரிசையிலும் வைக்க வேண்டும். 1934க்கு முன் இறந்தவருக்குக் குடும்பப் பெயர் தேடக் கூடாது. அந்த ஆண்டைத் தாண்டி வாழ்ந்தவர்களுக்குத் துருக்கி வரலாற்றாசிரியர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1922ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது, அன்று அவர் வைத்திருக்காத பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு ‘இஸ்மெத் (இனொனு) பாஷா’ என்பார்கள். 1935ஐப் பற்றி எழுதும்போது அடைப்புக்குறியும் போய்விடும், பாஷாவும் போய்விடும்.